மீச்சிற்றளவு

பொங்கியண்ணன் முதல்முறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதை மேசைமேல் வைத்து விரலால் மெல்லத் தள்ளித் திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் நான்கு மீசை முடிகள் கிடந்தன. கருப்பாக, விறைப்பாக, ஒவ்வொன்றும் ஆறு சென்டிமீட்டர் நீளம். வேரோடு பிடுங்கியவை.

"கழுதைப்புலிங்க. மாயாத்துப் பக்கம் பள்ளத்துல செத்துக் கெடந்துச்சு. ரேடியோவுல நீங்கதானுங்களே பேசுனது, வேரோட புடுங்கிட்டு வரச் சொல்லி?"

நான்தான். அந்த மாதம் முழுக்க நான் பேசாத வானொலி இல்லை. கால்நடையைத் தின்னும் காட்டு விலங்குகளை மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, அவற்றை என்ன செய்வது என்பதை மாநிலங்களிடமே விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நரி, செந்நாய், கழுதைப்புலி, ஓநாய் எதையும் யாரும் எப்படியும் கொல்லலாம். மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போட்டார்கள். இறைச்சிக்குள் வெடி வைத்தார்கள். குகை வாயில் டயரைக் கொளுத்தினார்கள். இனியாவது கொடூரமாகக் கொல்வதைத் தடுக்க ஒரு மாநிலச் சட்டம் வேண்டும் என்று நாங்கள் சிலர் கேட்டுக்கொண்டிருந்தோம். எதிர்த்தவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அதற்கு வலித்தது என்று எப்படித் தெரியும்? அது வந்து சொன்னதா?

சொல்லும். அதைச் சொல்ல வைப்பதுதான் என் வேலை.

ஊனுண்ணிகளின் மீசை மற்ற முடிகளைப் போன்றதல்ல. அதன் வேர், இரத்தம் நிரம்பிய ஒரு சின்னப் பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த இரத்தத்தில் அச்சமும் வலியும் எதைக் கொண்டுவந்து கொட்டினாலும், அந்த நேரத்தில் வளரும் முடிக்குள் அது போய்ப் படிந்துவிடுகிறது. மீசை ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு மைக்ரான். எங்கள் கத்தி சீவக்கூடிய மிக மெல்லிய சீவல் இரண்டு மைக்ரான். ஆகவே ஒரு சீவல் என்பது அந்த விலங்கின் வாழ்வில் ஆறு நிமிடம். வேர்ப்பக்கத்திலிருந்து சீவிக்கொண்டே போனால், சாவில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கலாம்.

இதைப் பொங்கியண்ணனுக்கு ஒரு முருங்கைக்காயை வெட்டிக் காட்டி விளக்கினேன். என் மதியச் சாப்பாட்டுக் கூடையில் அதுதான் இருந்தது. கவனமாகக் கேட்டார். கத்தியை இயக்கும் உதவியாளன் ஆரோக்கியம் பக்கத்திலிருந்து, "அண்ணா, உங்க மீசையிலயும் ஒண்ணு புடுங்கட்டுமா? வீட்டம்மா கூட என்னைக்குச் சண்டைன்னு சொல்லிரலாம்" என்றான். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நாளாகும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து வந்தார். வலி கூடினால் ஏறி, குறைந்தால் இறங்கும் கோட்டைத் திரையில் காட்டினேன். விஷம். பதினொரு மணி நேரம். நூற்றுப்பத்து சீவல்களிலும் கோடு மேலேயே நின்றது. ஓர் இடத்தைத் தவிர. எட்டாம் மணியில் மூன்று சீவல்கள் மட்டும், அதாவது பதினெட்டு நிமிடம், கோடு திடீரென்று இறங்கியிருந்தது. அப்படியே நல்ல தூக்கத்தில் இருக்கும் விலங்கின் கோடு. அதன்பின் சரிவே இல்லாமல் நேராக ஏறி, முந்தைய எல்லா உயரத்தையும் தாண்டிப் போயிருந்தது.

"இந்தப் பள்ளம் கத்தியின் பிழை" என்றேன். "விஷம் ஏறிய உடம்பில் இப்படி இறங்காது. இரண்டாவது முடியையும் சீவிப் பார்க்கப் போகிறோம்."

பொங்கியண்ணன் திரைக்கு மிக அருகில் போய் அந்த இடத்தைப் பார்த்தார்.

"காலைல ஒம்பது மணி வாக்குலீங்களா?"

நான் கணக்குப் பார்த்தேன். சாவு நேரத்தை அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பள்ளம் விழுந்தது ஒன்பது பத்துக்கு.

"பிழை இல்லீங்க அம்மிணி. குட்டி வந்துச்சு. வந்து பால் குடிச்சுது. அப்பத்தான் அது காலு ஒதறுறதை நிறுத்திட்டுக் குட்டியை நக்குச்சு."

செத்துக் கிடந்தது என்றவருக்கு அது உயிரோடு கிடந்தது எப்படித் தெரியும் என்பதை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரே சொன்னார். மூன்று மாதத்தில் அவர் பட்டியில் ஏழு ஆட்டுக்குட்டிகள் போயிருந்தன. செத்த ஒன்றின் வயிற்றில் பூச்சிமருந்தை வைத்தது அவர்தான். காலையில் பார்க்கப் போனபோது உண்ணிச்செடிப் புதருக்கடியில் அது கிடந்தது. கல்லெடுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்று நின்றிருந்தபோதுதான் அதன் குட்டி வந்தது.

"பாலுல வெசம் ஏறியிருக்குமேன்னு எனக்குப் பயமா போச்சுங்க. கல்லை எறிஞ்சு குட்டியை வெரட்டி உட்டேன். காதுல பட்டுக் கிழிஞ்சிருச்சு. கத்திட்டே ஓடிருச்சு."

கோடு ஏறிய இடத்தில் விரலை வைத்தார்.

"அப்போ இது, நான் வெரட்டுனதுனாலீங்களா?"

எனக்கு எதையும் விளக்கப் பிடிக்கும். அன்று, ஆமாம் என்று தலையசைக்க மட்டும் முடிந்தது.

சட்டமன்றக் குழு கோயம்புத்தூரில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது பொங்கியண்ணன் வந்தார். நான் அழைக்கவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அரங்கத்தின் பின்வரிசையில் அவர் ஊர் ஆட்டுக்காரர்கள் இருபது பேர் சட்டத்தை எதிர்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து, வைத்தது நான்தான் என்றார். பதினொரு மணி நேரம் என்றார். குட்டியைப் பற்றிச் சொன்னார். ஆட்டுக்கு ஈடு கொடுங்கள், பட்டிக்கு நல்ல வேலி கொடுங்கள், ஆனால் இப்படிக் கொல்ல யாரையும் விடாதீர்கள், என்னையும் விடாதீர்கள் என்று முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "கழுதைப்புலிக்குத் தாய்மாமன் வந்துட்டான்டா" என்றார். பலர் சிரித்தார்கள்.

அந்த வருடம் முழுவதும் ஊர்க் குட்டையில் அவர் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட விடவில்லை என்று பிறகு தெரிந்தது. நான்கு கிலோமீட்டர் தள்ளி, காட்டோரத்தில் ஒரு பழைய கல்தொட்டிக்குப் பக்கத்தில் பட்டியை மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் சொல்லவே இல்லை. ஆரோக்கியம்தான் எங்கேயோ கேட்டு வந்து சொன்னான்.

அவருக்கு அடுத்து என்னை அழைத்தார்கள். சட்டத்தின் வரைவை எழுதிக்கொண்டிருந்த அலுவலர் பெயர் இளம்வழுதி. மெலிந்த, மென்மையான மனிதர். சட்டத்தைத் தமிழிலேயே முதலில் எழுத வேண்டும் என்பதில் பிடிவாதம் உள்ளவர். இந்தச் சட்டம் வர வேண்டும் என்று எங்கள் அளவுக்கு விரும்பியவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கருவி தவறிச் சொன்னால் ஓர் ஏழை சிறைக்குப் போவான், ஆகவே அதன் எல்லை எது, எவ்வளவு குறைந்த வேதனை வரை அது பார்க்கும்?

எனக்குள் இருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி விழித்துக்கொண்டாள். வெர்னியர் அளவியைக் கையில் வாங்கிய நாள். ஓர் அளவுகோல் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு ஒரு பெயர் உண்டு என்று தெரிந்துகொண்ட நாள்.

"எங்கள் கருவியின் மீச்சிற்றளவு ஆறு நிமிடம்" என்றேன். "அதற்குக் குறைவாக இருந்தால் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது."

இளம்வழுதியின் முகம் மலர்ந்தது. "மீச்சிற்றளவு" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வரைவு எனக்குப் பார்வைக்கு வந்தது. படித்தேன். நான்காம் பிரிவில் அந்தச் சொல் இருந்தது. ஒரு சட்டத்துக்குள் என் பள்ளிக்கூடச் சொல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். சொல்லைத்தான் பார்த்தேன். வாக்கியத்தைப் பார்க்கவில்லை.

சட்டம் நிறைவேறியது. நாங்கள் ஆய்வுக்கூடத்தில் லட்டு வாங்கிக் கொடுத்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அதனால் நன்மை வந்தது. கிளட்ச் கம்பிகள் நின்றன. இறைச்சி வெடி நின்றது. குகை வாயில் புகை போடுவது நின்றது. முதல் எட்டு மாதங்களில் எங்களுக்கு வந்த தீப்பெட்டிகள் குறைந்துகொண்டே போயின. ஆரோக்கியம், "மேடம், வேலை போயிரும் போல" என்றான். அப்படியே போகட்டும் என்று நான் சொன்னேன்.

பிறகு திரும்ப வரத் தொடங்கின. இம்முறை எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி. தட்டை. கடைசிச் சீவல்வரை அமைதி, அதன்பின் முடி முடிந்துவிடுகிறது. சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் தர வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் இயந்திரமே அச்சடித்துவிடும். 'வேதனை காணப்படவில்லை.' கீழே என் கையெழுத்தின் பிரதி.

மருந்துக்கடைகளில் ஒரு பச்சை டப்பா வந்திருந்தது. உள்ளே சுண்டைக்காய் அளவில் உருண்டைகள். இறைச்சித் துண்டில் பொதிந்து வேலியோரம் போட்டால் போதும், தின்றது ஆறு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. "ஆறு நிமிசம் ரெண்டு டப்பா குடுங்க" என்றுதான் கேட்டார்கள். டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் நான்காம் பிரிவு முழுதாக அச்சாகியிருந்தது. அதை நான் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தது அந்தக் கடை வாசலில் நின்றுதான்.

'மீச்சிற்றளவாகிய ஆறு நிமிடத்துக்கு மேற்படாத வேதனை, இச்சட்டத்தின் நோக்கில் வேதனையாகக் கொள்ளப்படாது.'

என் கருவியால் பார்க்க முடியாதது எது என்று நான் சொல்லியிருந்தேன். அவர்கள் அதை, நடக்காதது எது என்று எழுதியிருந்தார்கள்.

இளம்வழுதியைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் விளக்கி முடித்ததும் அவர் நான்காம் பிரிவை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"மிகச் சிறிய அளவு, பொருட்படுத்த வேண்டாத அளவு என்றுதானம்மா நான் எடுத்துக்கொண்டேன்" என்றார் கடைசியில். "சொல்லைப் பார்த்தாலே பொருள் விளங்குகிறதே என்று நினைத்தேன். வேற்றுமொழிச் சொல்லாக இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன்."

அவரைத் திட்ட முடியவில்லை. வாக்கியத்தைப் படிக்காதவள் நான்.

பொங்கியண்ணன் இரண்டாவது தீப்பெட்டியோடு வந்தது அதற்கு அடுத்த வாரம். இளைத்திருந்தார். சட்டம் வந்து ஒன்றரை ஆண்டு, முதல் தீப்பெட்டிக்கு இரண்டு ஆண்டுக்கு மேலாகியிருந்தது. பெட்டியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காது கிழிஞ்சதுங்க" என்றார்.

அன்று ஓடிய குட்டி பிழைத்து வளர்ந்திருந்தது. தொலைவில் சாயங்காலங்களில் அதை இரண்டு மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னார். அவர் ஆடு ஒன்றைக்கூட அது தொட்டதில்லை. பட்டிக்கு இப்போது முள்கம்பி வேலி இருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் விடியலில், ஒரு பெரிய தோட்டத்தின் வேலிக்கு வெளியே அது உடல் சூடு ஆறாமல் செத்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறார்.

ஆரோக்கியம் முடியை வாங்கிக்கொண்டு போனான். கடைசி ஒரு நாளைச் சீவ அரை மணி நேரம் போதும். பொங்கியண்ணன் திரை முன்னால் நின்று காத்திருந்தார். கோடு வந்தது. தட்டை. பக்கத்தில் இயந்திரம் சத்தமாகக் காகிதத்தைத் துப்பியது. அவர் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்போ இதுக்கு வலிக்கலீங்களா?"

"அப்படி இல்லை அண்ணா. வலி ஒரே சீவலுக்குள் தொடங்கி அதே சீவலுக்குள் முடிந்துவிட்டால், கருவி அதை மற்றதோடு கலந்து சராசரியாக்கிவிடும். நமக்குத் தெரியாது. அவ்வளவுதான். வலிக்கவில்லை என்று பொருள் இல்லை."

"எனக்குத் தெரியுமுங்க. அது கெடந்த எடத்துல நாலு காலாலயும் மண்ணைப் பறிச்சு வெச்சிருந்துச்சு. முழங்கை ஆழத்துக்குக் குழி." காகிதத்தை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். "மண்ணுல தெரியறது உங்க மிசின்ல தெரியலியே அம்மிணி."

பிறகு திரையைக் காட்டினார். "அதோட தாய்க்காச்சும் நடுவால அந்தப் பள்ளம் இருந்துச்சு. இதுக்கு அதுகூட இல்ல."

அவர் போன பிறகு முடி மிச்சமிருந்தது. கடைசி ஒரு நாளுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் போகவில்லை. ஆறு சென்டிமீட்டர் மீசையில் நான்கு மாதம் இருக்கிறது. நாங்கள் இதுவரை எந்த முடியிலும் சாவுக்கு முந்தைய நாளைத் தாண்டிச் சீவியதில்லை. சட்டத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"சீவலாமா மேடம்?" என்றான் ஆரோக்கியம்.

முப்பது நாள். ஏழாயிரத்து இருநூறு சீவல். கத்தி இரண்டு நாள் ஓடியது.

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பேருந்தில் பவானிசாகர் போய், அங்கிருந்து காட்டோரம் வரை ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பொங்கியண்ணன் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுக் குடத்தால் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே, காட்டைப் பார்த்த பக்கத்தில் இருந்தது தொட்டி. ஆடுகள் குடித்த பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க. பொழுதோட நாலு குடம் ஊத்திட்டுப் போயிருவேன். காலைல பாத்தா கொறைஞ்சிருக்கும். பன்னி வந்து குடிக்கும்னு நெனைக்கிறேன்."

தொட்டி விளிம்பில் காகிதத்தை விரித்துப் பிடித்தேன். அறுபது சென்டிமீட்டர் நீளம். ஒரு நாளுக்கு இரண்டு சென்டிமீட்டர். சாவு வலியின் உயரத்துக்கு வரைந்தபோது தட்டையாகத் தெரிந்த கோட்டை இம்முறை மேலும் கீழும் பெரிதாக்கி அச்சிட்டிருந்தேன். காட்டு விலங்கின் கோடு அமைதியாக இருப்பதில்லை. பசி, வெயில், மனிதக் குரல், நாய் என்று நாள் முழுக்க நடுங்கிக்கொண்டே போகும். இதுவும் அப்படித்தான் போயிற்று. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், மாலை ஏழு மணியை ஒட்டி, ஓர் ஊசி அகலத்துக்கு அது இறங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். தாயின் கோடு அன்று இறங்கி நின்ற அதே மட்டம்.

அவர் ஒவ்வொரு பள்ளமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார்.

"இங்க மூணு நாளு இல்லீங்களே?"

தேதியைச் சொன்னேன்.

யோசித்தார். "அப்ப எனக்குக் காச்சலுங்க. மக ஊட்டுல படுத்திருந்தேன். இங்க தண்ணி ஊத்த ஆள் இல்ல."

அந்த மூன்று நாளும் ஏழு மணிக்குக் கோடு இறங்கவில்லை. மாறாக ஏறியிருந்தது. நான்காம் நாள் மறுபடி பள்ளம். அங்கிருந்து கடைசி மாலை வரை தவறாமல் பள்ளம்.

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போடாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"சட்டத்துல சொல்ற அந்த ஆறு நிமிசம் இதுல எங்கீங்க இருக்குது?"

கண்ணுக்குத் தெரியாது என்பதால் காகிதத்தின் முனையில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொண்டுவந்திருந்தேன். காட்டினேன். அவர் அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். நகம் புள்ளியை மறைத்தது. கூடவே அந்தக் கடைசி மாலையையும் மறைத்தது.

இளம்வழுதி பேசியிருந்ததைச் சொன்னேன். நான்காம் பிரிவிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கத் திருத்தம் எழுதியிருக்கிறார். ஆறு நிமிட வேதனையும் வேதனைதான் என்று ஆகும். குழு மறுபடி கோயம்புத்தூரில் கருத்துக் கேட்கும், உருண்டை விற்பவர்கள் ஆட்களைத் திரட்டி வருவார்கள். இந்தக் காகிதத்தை நான் குழுவின் முன்னால் விரிப்பேன், ஆனால் அந்த மண்ணில் கிடந்த குழியைப் பற்றிச் சொல்லக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன். இந்தத் தொட்டியடியில் நின்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே தண்ணீர் குடிக்க இனி எது வரும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

அவர் குனிந்து குடத்தை எடுத்தார். நான்காவது குடம் பாக்கி இருந்தது. ஊற்றினார்.

"எந்தக் கெழமைன்னு மட்டும் சொல்லி உடுங்க அம்மிணி" என்றார். "ஆட்டை அடைச்சுட்டு வரோணும்."